கேள்விகளின் கணக்கு – 6: வாய்வாளாமை

கேம்பிரிட்ஜில், டிரினிட்டிக் கல்லூரியின் மாடியறை ஒன்றில், மடக்கு நாற்காலிகளில் நெருங்கியமர்ந்த ஒரு சில மாணாக்கருக்கு முன்னே, கையில் குறிப்பு ஏதுமின்றி, சிந்தனை தடைப்பட்டபோது நெடுநேரம் மௌனமாயிருந்தும் அது வழிதிறந்தபோது வேகமாய்ப் பேசியும், லுட்விக் விட்கென்ஸ்டைன் என்னும் ஆசிரியர் தத்துவ சாஸ்திரம் கற்பித்த விதத்தையும், இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த அந்நாள்களில் அவரிடம் பாடங்கேட்கச் சென்ற இலங்கை இளைஞர் ஒருவரின் கதையையும் சென்ற வாரம் கண்டோம்.

அவ்விளைஞரே நம் கதாநாயகர், குலதிஸ்ஸ நந்த ஜயதிலக்க. 1920ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி பிறந்து, பாளியையும் சமஸ்கிருதத்தையும் முதலிற் கசடறக் கற்று, அதன் பின்னரே மேலைத் தத்துவத்தின் பக்கம் திரும்பியவர்.

விட்கென்ஸ்டைன் 1947இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார். சீடர் தாயகம் திரும்பினார். அவர் உடன் கொண்டுவந்தது ஒரு பழக்கம்: பெரியதொரு கேள்வி எதிர்ப்பட்டால் விடையைத் தேடி ஓடுவதற்கு முன்னர், அக்கேள்வி கேட்கத்தக்கதுதானா, அதிலுள்ள சொற்கள் தத்தம் வேலையைச் செய்கின்றனவா, அல்லது இலக்கணம் வழுவாமலிருக்கப் பொருள் மட்டும் வழுவி நிற்கிறதா என்று சற்றே நின்று பார்க்கும் பழக்கம்.

பார்ப்பதற்கு இது அற்ப விஷயம். ஆயினும், தவறாய்க் கேட்கப்பட்ட ஒரு கேள்வி எத்தனை பேருடைய வாழ்வைத் திசைமாற்றக்கூடும் என்பதை மலைநாட்டார் நம்மைவிட அறிந்தவர் யார்?

மகாவலியின் இரு முனைகள்

ஹட்டனில் ரயிலேறி, ரொசல்லை, வட்டவளை, கலபொடை, இங்குருஓயா என்று வளைந்து வளைந்து இறங்கி, நாவலப்பிட்டியையும் கம்பளையையும் கடந்து பேராதனைச் சந்தியில் கால்வைக்கும் பிரயாணி, தன்னோடு ஒரு நதியும் இறங்கி வந்திருப்பதைக் காண்பான். நம் ஹட்டன் ஓயாவின் நீரையும் தன்னுட் சேர்த்துக்கொண்டு வரும் மகாவலி, அங்கே ஹந்தானை மலையடிவாரத்தில் சர்வகலாசாலையின் நிலத்தினூடே நிதானமாய் ஓடுகிறது.

1942ஆம் ஆண்டு கொழும்பில் தோற்றுவிக்கப்பெற்ற இலங்கைச் சர்வகலாசாலை, அதன் முதலாவது உபவேந்தரான ஐவர் ஜென்னிங்ஸ் கண்ட கனவின்படி, 1952இல் அந்நதிக்கரைக்குப் பெயர்ந்தது. அங்கேதான் ஜயதிலக்க தத்துவம் போதித்தார். பின்னாளில் அத்துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் விளங்கினார்.

நதியின் கீழ்முனையில் கேள்விகளின் லட்சணம் ஆராயப்பட்ட அதே ஆண்டுகளில், மேல்முனையிலுள்ள தோட்டங்களில் ஒரே ஒரு கேள்வி லயம் லயமாய் ஏறியிறங்கிக்கொண்டிருந்தது.

அக்கேள்வியின் பூர்வோத்தரம் வாசகர் பலருக்குத் தெரிந்ததே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், மறு ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜைகளின் வரிசையிலிருந்தும், அதற்கடுத்த ஆண்டில் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தால் வாக்காளர் இடாப்பிலிருந்தும் வெளியே நிறுத்தப்பட்டது. இந்நாட்டிற் பிறந்தவன் என்பது மட்டும் போதாதென்றாயிற்று. தந்தை இங்கே பிறந்தவராயிருக்கவேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவராயிருக்கவேண்டும்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. அவ்வாயிலினூடே புக விரும்பிய விவாகமானவர் ஏழாண்டும், விவாகமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. 1964ஆம் ஆண்டு வந்தபோது பதிவு பெற்றிருந்தோர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

இடையறாமை என்ற அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். தாயாருக்குச் சுகமில்லையென்று கடிதம் வந்து, இராமேசுவரம் வழியாய்த் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போய், ஈமக்கடன் முடித்துத் திரும்பிய ஒருவன், அந்தப் பயணத்தால் தன் வாசத்தைத் தானே அறுத்துக்கொண்டானா, இல்லையா? நம் லயங்களில் கட்டிலுக்கடியில் துருவேறிக் கிடந்த தகரப் பெட்டிகளை அந்நாளில் திறந்தவர்கள், செக்ரோலிலிருந்து பெயர்த்தெழுதிய துண்டுகளையும், ஓரம் கறையான் அரித்த பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும், தோட்டப் பள்ளிக்கூடத்து இடாப்பில் ஒரு மாதிரியும் ரேஷன் புத்தகத்தில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்த ஒரே பெயரையும் ஒவ்வொன்றாய் எடுத்து விரித்து, விசாரணைக்கு வந்த உத்தியோகஸ்தரின் மேசைமேல் வைத்தார்கள். எல்லாப் பத்திரங்களும் ஒரே கேள்விக்கு விடைகூற வந்தவை: நீ எந்த நாட்டவன்?

அக்கேள்வியே சரியாக அமைந்ததா என்று கேட்பதற்கு அம்மேசையின்மேல் இடமிருக்கவில்லை.

தேயிலைக்கு ஜாதி உண்டு

1956ஆம் ஆண்டு, புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டுகள் நிறைந்ததன் ஜயந்தியை இலங்கை கோலாகலமாய்க் கொண்டாடிற்று. அவ்வாண்டிலேயே தனிச் சிங்களச் சட்டமும் நிறைவேறிற்று. ஈராண்டு கழித்து, 1958 மே மாத இறுதியில், நாடு இனக்கலவரத்தில் எரிந்தது. அம்மாதம் 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

அதே 1958இல், யுனெஸ்கோ ஸ்தாபனம் இனப்பிரச்சினை பற்றி வெளியிட்டுவந்த நூல்வரிசையில், பௌத்தமும் இனப்பிரச்சினையும் என்ற பொருள்பற்றி ஒரு சிறு நூல் பிரசுரமாயிற்று. அதை எழுதியவர் இருவர்: பாளிப் பெயரகராதியால் உலகப் பிரசித்தி பெற்ற மூத்த அறிஞர் ஜி. பி. மலலசேகர ஒருவர், நம் ஜயதிலக்க மற்றவர்.

அந்நூல் ஊன்றி நிற்கும் பழைய ஆதாரங்களுள் முக்கியமானது, சுத்த நிபாதத்திலுள்ள வாசெட்ட சூத்திரம். பிராமண இளைஞர் இருவர், ஒருவன் பிறப்பினால் உயர்ந்தவனாகிறானா, செயலினாலா என்று தர்க்கித்து, தீர்ப்பு வேண்டிப் புத்தரிடம் வருகிறார்கள். அவரோ உடனே தீர்ப்புரைக்காமல், 'ஜாதி' என்ற சொல் எங்கெங்கே பொருந்துகிறதென்று காட்டப் புகுகிறார். புல்லைப் பாருங்கள், மரத்தைப் பாருங்கள்; புழு, பறவை, மீன், நாற்கால் விலங்கு ஆகியவற்றைப் பாருங்கள்; ஒவ்வோர் இனத்துக்கும் பிறவியிலேயே அமைந்த தனி அடையாளம் உண்டு. மனிதரிடம் கண்ணையோ காதையோ, கையையோ காலையோ, நிறத்தையோ குரலையோ ஆராய்ந்தால் அவ்வாறான அடையாளம் அகப்படுவதில்லை. மனிதருக்குள் வேற்றுமை சொல்வழக்கால் வந்தது.

நம் தோட்டங்களில் வாழ்ந்தவர்க்கு இவ்வுவமை வெகு அண்மையானது. விதைத் தேயிலையைப் பற்றிப் பேசும்போது சீன ஜாத், அஸ்ஸாம் ஜாத் என்று துரைமார் பிரித்துரைப்பது வழக்கம். அந்த ஜாத் என்பது நம் ஜாதியேயன்றி வேறன்று. சிறிய இலையும் அடியிலிருந்தே பல கிளையுமாய்க் குளிரைத் தாங்கி நிற்பது ஒன்று. அகன்ற இலையோடு மரமாய் ஓங்கத் துடிப்பது மற்றொன்று. கூடையோடு நிரையில் நிற்கும் பெண், தூரை நெருங்குமுன்னே இலையின் அகலத்தைக் கொண்டு இதைக் கண்டுகொள்வாள். தேயிலைக்கு அச்சொல் பொருந்துகிறது, ஏனெனில் காட்டுவதற்கு அங்கே இலை இருக்கிறது.

அக்கொழுந்தைப் பறிக்கும் விரலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அது எந்த ஜாத் என்று சொல்ல வழியில்லை.

விட்கென்ஸ்டைனின் மாணாக்கர் ஒருவரை இச்சூத்திரம் ஈர்த்ததில் வியப்பென்ன? ஒரு சொல் எங்கே வேலை செய்கிறது, எங்கே சும்மா சுழல்கிறது என்று காட்டி, அதனாலேயே ஒரு பெரும் பிணக்கைக் கலைக்கும் முறை அதிலே முழுமையாய் இருக்கிறது.

ஐந்நூறு பக்கங்கள்

சிறு நூல் பதைபதைப்பான காலத்துக்கு வந்தது. பெரு நூல் பொறுமையாய் விளைந்தது.

லண்டன் சர்வகலாசாலையின் கலாநிதிப் பட்டத்துக்காக ஜயதிலக்க மேற்கொண்ட ஆராய்ச்சி, ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு, ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாய் 1963இல் வெளிவந்தது. வேதகாலச் சிந்தனை தொடங்கி, உபநிடதங்கள், உலகாயதர், ஐயவாதிகள், ஆசீவகர், சமணர் என்று புத்தருக்கு முன்னும் அவர் காலத்திலும் விளங்கிய வாதங்களையெல்லாம் முதலில் அடுக்கிவைத்து, அவற்றினிடையே புத்தர் எங்கே நின்றார் என்பதைப் பாளிச் சூத்திரங்களின் சொல்லாட்சியைக் கொண்டே நிறுவ முயலும் அந்நூல், இன்றளவும் அத்துறையில் நுழைவோர் தாண்டிப் போகமுடியாத தலைவாசலாய் நிற்கிறது.

அதன் நடுநாயகமான வாதம் இது. ஒன்றை அறிந்தோம் என்று சொல்வோரைப் புத்தர் மூவகையாய்ப் பிரித்தார்: வழிவழியாய்க் கேட்டதைக்கொண்டு அறிந்தோம் என்போர், தர்க்கத்தைக்கொண்டே அறிந்தோம் என்போர், தாமே கண்டு அனுபவித்து அறிந்தோம் என்போர். தம்மை அவர் மூன்றாவது வகையிற் சேர்த்துக்கொண்டார். ஆகையால் புத்தர் ஓர் அனுபவவாதி என்பது ஜயதிலக்கவின் துணிபு.

தமிழ் படித்தவர்க்கு இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயரிட்டபோது, பெரியோரிடம் செவிவழிக் கேட்டறிதலையே கருதினார். அதே சொல் பின்னர் வினாவுக்கும் பெயராயிற்று. கேட்டு ஏற்பதும் கேட்டு மறுப்பதும் நம் மொழியில் ஒரே வினைக்குள் ஒண்டியிருக்கின்றன. முதலாவது கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு வந்த பாதை எதுவோ, அதையே அவ்வைந்நூறு பக்கமும் வரைகின்றது என்று சொன்னால் மிகையாகாது.

நான்கு விடைகள்

எல்லாக் கேள்விக்கும் விடை ஒரே மாதிரியானதன்று என்று பாளிச் சூத்திரங்கள் கூறும். நான்கு வகையாய்ப் பிரிக்கும். ஜயதிலக்க மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்த பகுதிகளுள் இஃது ஒன்று. அவருடைய நூலைப் படிக்கும் தமிழர் ஒருவருக்கு, எங்கோ கேட்ட குரல் திரும்பக் கேட்பதுபோலிருக்கும்; ஏனெனில் அந்நான்கும் மணிமேகலையின் முப்பதாவதும் இறுதியுமான காதையில், அறவண அடிகளின் உபதேசத்தில், தமிழ்ப் பெயர் பூண்டு நிற்கின்றன.

முதலாவது, துணிந்து சொல்லல். பிறந்தவன் இறப்பானா? இறப்பான். இதிலே தயங்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, கூறிட்டு மொழிதல். மழை தேயிலைக்கு நல்லதா என்று ஹட்டனில் யாரையேனும் கேளுங்கள். கொழுந்தின் எடைக்கா, தேநீரின் மணத்துக்கா என்று பிரித்தல்லவா சொல்வார்? மழை தூரைத் தளிர்க்கச் செய்து தராசை நிரப்பும். ஆனால் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலை உயர்ந்த விலைக்குப் போவது, தை மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றில் மெல்ல விளைந்த கொழுந்தினால்.

மூன்றாவது, வினாவின் விடுத்தல்; அதாவது எதிர்க்கேள்வி கேட்டுத் தெளிவித்தல். ஹட்டன் உயரத்தில் இருக்கிறதா? நீர் கேட்பது நாவலப்பிட்டியில் நின்றா, நுவரெலியாவில் நின்றா?

நான்காவது, வாய்வாளாமை. ஆகாயத்திற் பூத்த பூ பழையதா புதியதா என்று ஒருவன் கேட்டால் அறிவுடையோன் பேசாதிருப்பான் என்று மணிமேகலை காட்டும் உதாரணம் இவ்வகையைச் சேர்ந்தது. பாளியில் இதற்குள்ள பெயர், ஒருபுறமாய் எடுத்து வைக்கத்தக்கது என்று பொருள்படும்.

இந்நான்காவதிலேதான் மேனாட்டறிஞர் பலர் இடறினார்கள். முத்தி பெற்றவன் இறந்தபின் இருக்கிறானா, இல்லையா, இருந்தும் இல்லாமலும் இருக்கிறானா, இரண்டுமற்று இருக்கிறானா என்று நான்கு கோடியாய்க் கேட்டபோது புத்தர் நான்கையும் ஏற்க மறுத்ததைக் கண்டு, அவருக்கு விடை தெரியாது, ஆதலால் அவர் அறியொணாவாதி என்று ஸ்கொட்லாந்து நாட்டு சமஸ்கிருத பண்டிதர் ஏ. பி. கீத் எழுதினார். தர்க்கத்தின் முரணின்மை விதியையே கீழைத்தேயத்தார் அறியாதவரென்று சொன்னோரும் உளர்.

ஜயதிலக்க இவ்விடத்தில் நிதானமாய் நின்று பதில் சொல்கிறார். நான்கு கோடிகளில் முரண்பாடு எதுவுமில்லை. ஒரு மனிதன் முற்றிலும் சுகமாயிருக்கலாம், முற்றிலும் துக்கமாயிருக்கலாம், பாதி சுகமும் பாதி துக்கமுமாயிருக்கலாம், சுகதுக்கம் இரண்டும் தீண்டாமலுமிருக்கலாம். நான்கும் வெவ்வேறு நிலைகள். கேள்வி ஒழுங்காய் அமைந்திருந்தால் நான்கில் ஒன்று மெய்யாகும், ஏனைய மூன்றும் பொய்யாகும். நான்கையுமே தள்ளவேண்டி வருமாயின், கேள்வி அப்பொருளுக்குப் பொருந்தவில்லை என்றே அதற்கு அர்த்தம்.

வச்சகோத்தன் என்னும் பரிவிராஜகனுக்குப் புத்தர் அதை நெருப்பைக் கொண்டு விளக்கினார். உன் எதிரே எரியும் நெருப்பு அணைந்தால், அது எத்திசைக்குப் போயிற்று? கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா? விறகு தீர்ந்தது, நெருப்பு அணைந்தது. போயிற்று என்ற சொல்லே அங்கே ஒட்டவில்லை. லயத்துக் காம்பிராவில் இரவு கடைசிக் கொள்ளியை நீரூற்றி அணைக்கும் கிழவியிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

கேம்பிரிட்ஜின் மாடியறையிற் கற்ற பழக்கமும், மஜ்ஜிம நிகாயத்தின் நெருப்பும் இவ்வாறு ஒன்றையொன்று கண்டுகொண்டன. எனினும் ஜயதிலக்க இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடவில்லை. சோதித்தறிய முடியாதனவற்றையெல்லாம் வெறும் பிதற்றல் என்று தள்ளிய மேனாட்டார் சிலரோடு அவர் புத்தரைச் சேர்க்கவுமில்லை. புறப்புலன்களுக்கு அப்பாற்பட்ட காட்சியையும் அனுபவம் என்றே அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கு சரிதானா என்ற வழக்குப் பின்னாளில் வளர்ந்த விதத்தை அதற்குரிய இடத்திற் காண்போம்.

1964, ஒக்டோபர் 30

நூல் வெளிவந்த மறு ஆண்டு, டில்லி நகரில் இரு நாட்டுப் பிரதமர்கள் மேசையின் இருபுறமும் அமர்ந்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க ஒருபுறம். லால் பகதூர் சாஸ்திரி மறுபுறம். அவர்களுக்கு நடுவே காகிதத்திலிருந்த தொகை 9,75,000 மனிதர்.

அதற்கு முந்திய பதினாறாண்டும் இம்மனிதர் எங்கே நின்றார்கள் என்பதை நான்கு கோடியின் முறையில் நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இலங்கையரா என்றால், சட்டம் இல்லையென்றது. இந்தியரா என்றால், இந்தியாவும் அவ்வாறு ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டுமா என்றால், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடமில்லை. எஞ்சியது நான்காவது கோடி. தத்துவ நூல்களில் ஒரு தர்க்க சாத்தியமாய் மட்டும் அதுவரை வாழ்ந்த அதற்கு, நாடற்றவர் என்று ஒரு பெயரும், காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுக்கும் ஒரு தேகமும் நம் மலைகளிலே கிடைத்தன.

ஒப்பந்தம் தொகையைப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; பதினைந்து ஆண்டுகளில் இது நிறைவேறவேண்டும். இரண்டையும் கூட்டினால் தொகை நிரம்பவில்லை. மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒருபுறமாய் எடுத்து வைத்தார்கள்.

எடுத்து வைத்தல் என்ற அச்சொல்லை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். பொருந்தாத கேள்வியை எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டு, கேட்டவனை அருகிருத்தி நெருப்பைக் காட்டித் தெளிவித்தார் புத்தர். டில்லியில் கேள்வி மேசையின்மேல் அப்படியே இருந்தது. மனிதர் எடுத்து வைக்கப்பட்டார்கள்.

நீ எந்த நாட்டவன் என்ற கேள்விக்கு, லயத்திற் பிறந்து, மலையில் உழைத்து, தந்தையைத் தேயிலைத் தூரின் அடியிற் புதைத்த ஒருவன், அந்நான்கு வகையில் எந்த வகையாய் விடை சொல்லியிருக்கவேண்டும்? துணிந்தா, கூறிட்டா, எதிர்த்துக் கேட்டா, வாய்வாளாதிருந்தா?

ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஜயதிலக்கவுக்கு நாற்பத்து நான்கு வயது நிறைய இரண்டு நாள் குறைவு. ஆயுளில் எஞ்சியிருந்ததோ ஆறாண்டுக்கும் உட்பட்ட காலம். அதற்கிடையில், 1967இல், ஹேக் நகரிலுள்ள சர்வதேசச் சட்டக் கழகத்தின் மேடையில், பௌத்த தர்மத்திற் காணும் சர்வதேசச் சட்டத் தத்துவங்கள் என்னும் பொருள்பற்றி அவர் விரிவுரையாற்றினார். நாடுகளுக்கிடையே நியாயம் எது என்று ஆராய வந்த அச்சபையில், எந்த நாட்டின் இடாப்பிலும் இல்லாத மனிதனுக்கு இடமிருந்ததா?

(அடுத்த வாரம்: ஹேக் நகரத்து மேடை)